துறைமுகச் சேற்றில் உலோகம்: எந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவது?

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஊரில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். துறைமுகத்தைத் தூர்வாரி, அள்ளும் சேற்றைக் கரையோரத் தாழ்வான நிலத்தில் கொட்டி மேடாக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மீனவர் சங்கத்தினர் இரண்டு இடங்களில் சேறு எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தார்கள். படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடத்துக்கு அருகே எடுத்ததில், கிலோவுக்கு செம்பு 210 மில்லிகிராம், துத்தநாகம் 260, ஈயம் 48, குரோமியம் 92, காட்மியம் 0.9, பாதரசம் 0.22. துறைமுக வாயிலுக்கு வெளியே எடுத்ததில் செம்பு 9, துத்தநாகம் 24, ஈயம் 8, குரோமியம் 22. அங்கே காட்மியமும் பாதரசமும் கண்டறியப்படவில்லை. ‘ஈயம் குடிநீர் வரம்பைப்போல 4,800 மடங்கு’ என்று சங்கத்தில் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னதிலிருந்து ஊரே கலங்கிப் போயிருக்கிறது. அந்தச் சேறு விஷமா? மீன், சிப்பி சாப்பிடலாமா? தூர்வாருவதை நாங்கள் எதிர்க்க வேண்டுமா? பிள்ளைகள் வேறு அந்தச் சேற்றில்தான் விளையாடுகிறார்கள். அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் டீச்சர்.

அந்த 4,800ஐ முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 48ஐ 0.01ஆல் வகுத்தால் 4,800 வரும். கணக்கு சரி, ஒப்பீடுதான் தப்பு. சேற்றை யாரும் கரைத்துக் குடிப்பதில்லை. எந்த ஆலையும் வருவதற்கு முன்னால் படிந்த களிமண்ணிலேயே ஈயம் கிலோவுக்கு சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். இதே கணக்குப்படி அதுவும் 2,000 மடங்கு. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால், எதிரே உட்கார்ந்திருக்கும் பொறியாளர் ஐந்தே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார். கூடவே, அறிக்கையில் இருக்கிற நியாயமான சங்கதியும் எடுபடாமல் போய்விடும்.

நியாயமான சங்கதி இருக்கத்தான் செய்கிறது. அறிக்கையின் கடைசி வரியைப் பாருங்கள். அலுமினியம்: உள்ளே 7.6 சதவீதம், வெளியே 1.9 சதவீதம். அது மாசு இல்லை என்பதால் யாரும் அந்த வரி வரைக்கும் போவதில்லை. நான் எந்தச் சேற்று அறிக்கையிலும் முதலில் தேடுவது அதைத்தான். உலோகங்கள் மணலில் அவ்வளவாகத் தங்காது. 63 மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுண்துகள்களில், அதாவது களியில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்துக்குள் தண்ணீர் அடங்கிக் கிடப்பதால் களி படிகிறது. வெளியே அலை அடித்துக் களியைக் கொண்டுபோய்விடுகிறது, மணல் மட்டும் மிஞ்சுகிறது. படகே இல்லாத காலத்திலும் உள்ளே எண்கள் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும்தான் இருந்திருக்கும். களியில் அலுமினியம் அதிகம், மணலில் குறைவு. அதனால் ஒவ்வோர் உலோகத்தையும் அலுமினியத்தால் வகுத்துவிட்டு ஒப்பிட்டால், களி, மணல் என்ற வித்தியாசம் பெரும்பாலும் கழிந்துவிடும். மிச்சம் இருப்பதுதான் மனிதர்கள் சேர்த்தது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். குரோமியம், உள்ளே 92ஐ 7.6ஆல் வகுத்தால் 12.1. வெளியே 22ஐ 1.9ஆல் வகுத்தால் 11.6. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் குரோமியம் உங்கள் பகுதிப் பாறையிலிருந்து வந்தது, அதற்காக யார் மேலும் வழக்குப் போட முடியாது. ஈயம் 6.3க்கு 4.2, ஒன்றரை மடங்கு. துத்தநாகம் 34க்கு 12.6, இரண்டே முக்கால் மடங்கு. செம்பு? 27.6க்கு 4.7. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஊரில் யாருமே பேசாத செம்புதான் இந்த அறிக்கையின் முக்கியமான செய்தி. (மணலை அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கு இது, அதனால் தோராயம்தான். அதே துறைமுகத்தில் ஆழத்தில், பழைய காலத்தில் படிந்த களியை அடிப்படையாக வைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் குழாயை இறக்கி முழு நீளத்துக்குச் சேறு எடுக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.)

செம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது சுலபம். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் பெயின்டில் முக்கியச் சரக்கே செம்பு ஆக்சைடுதான். படகைக் கரையேற்றி, பழைய பெயின்டைச் சுரண்டி, புதிதாக அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நீங்கள் மாதிரி எடுத்திருக்கிறீர்கள். துத்தநாகமும் அதே கதைதான், பெயின்டிலும் இருக்கும், துரு பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளிலிருந்தும் கரையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேற்றில் ஒரே ஒரு பெயின்ட் செதில் மாட்டியிருந்தாலும் செம்பு எகிறிவிடும். அதனால் ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வராமல், அந்தப் பகுதியிலேயே நாலைந்து இடங்களில் எடுங்கள். அப்படி எடுக்கும்போது டிரைபியூட்டைல் டின் என்ற பொருளையும் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பு படகுப் பெயின்டில் கோலோச்சிய வெள்ளீயச் சேர்மம் அது. மிக நுண்ணிய அளவிலேயே நத்தை, சங்கு இனங்களின் பெண்களுக்கு ஆண் உறுப்பு வளரச் செய்துவிடும். 2001இல் கொண்டுவரப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடை செய்தது. ஆனால் பழைய சேற்றுக்கு அந்தத் தடை தெரியாது. வழக்கமான உலோகச் சோதனையில் இது தனியாகத் தெரியவும் தெரியாது, பெயர் சொல்லிக் கேட்டால்தான் செய்வார்கள்.

சரி, செம்பு 210 என்பது எவ்வளவு மோசம்? கடலடிச் சேற்றுக்கென்றே சில ஒப்பீட்டு எண்கள் இருக்கின்றன. அதிகம் புழக்கத்தில் இருப்பவை 1995இல் அமெரிக்காவில் வெளியானவை. ஒவ்வோர் உலோகத்துக்கும் இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் சேற்றில் வாழும் புழு, கூனி போன்றவற்றுக்குத் தொல்லை அரிது. மேல்கோட்டைத் தாண்டினால் தொல்லை அடிக்கடி தென்படுகிறது. செம்புக்கு 34, 270. துத்தநாகத்துக்கு 150, 410. ஈயத்துக்கு 46.7, 218. காட்மியத்துக்கு 1.2, 9.6. பாதரசத்துக்கு 0.15, 0.71. குரோமியத்துக்கு 81, 370. உங்கள் செம்பு மேல்கோட்டை நெருங்குகிறது. துத்தநாகமும் பாதரசமும் நடுவில் நிற்கின்றன. ஈயம் கீழ்க்கோட்டை இப்போதுதான் தொட்டிருக்கிறது. காட்மியம் அதற்கும் கீழே. குரோமியத்தைப் பாருங்கள், பாறையிலிருந்து இயற்கையாக வந்தது என்று இப்போதுதான் கணக்குப் போட்டோம், அதுவே கீழ்க்கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதனால் இந்தக் கோடுகளைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொள்ளக் கூடாது. எங்கே மேற்கொண்டு தோண்டிப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்குத்தான் அவை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சேற்றில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைவிட, அது எந்த நிலையில் இருக்கிறது, நாளைக்கு அந்தச் சேற்றை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 210 அல்ல, ‘நிலத்தில் கொட்டி மேடாக்க’ என்ற வரி.

துறைமுகச் சேற்றை அள்ளினால் மேலே ஒரு விரல் கனம் பழுப்பாக இருக்கும், அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். அந்த நாற்றம் நமக்குப் பிடிக்காது, ஆனால் காவல் காப்பது அதுதான். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. செம்பு, ஈயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் அந்தச் சல்ஃபைடோடு சேர்ந்து, தண்ணீரில் அநேகமாகக் கரையாத சேர்மங்களாக இறுகிவிடுகின்றன. போதிய சல்ஃபைடு இருக்கிற வரைக்கும், எண் பெரிதாக இருந்தாலும் அங்கே வாழும் உயிர்களுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் எட்டும். அதே சேற்றை வெளியே எடுத்து வெயிலில் பரப்பினால் ஆக்சிஜன் பட்டுச் சல்ஃபைடு உடைகிறது, அமிலம் உண்டாகிறது, பூட்டி வைத்திருந்த உலோகம் அவிழ்ந்து மழைத்தண்ணீரோடு நடக்க ஆரம்பிக்கிறது. காட்மியமும் துத்தநாகமும் முதலில் கிளம்பும். சேற்றில் கிளிஞ்சல் துண்டுகள் நிறைய இருந்தால் அந்தச் சுண்ணாம்பு அமிலத்தை ஓரளவு அடக்கும். கிளிஞ்சல் இல்லாத வெறும் களியாக இருந்தால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

இதை உங்கள் பிள்ளைகளுக்கே காட்டலாம். கையுறை போட்டுக்கொண்டு கரிய சேற்றை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் எடுங்கள். ஒன்றில் விளிம்பு வரை கடல்நீர் ஊற்றிக் காற்றுப் புகாமல் மூடுங்கள். இன்னொன்றைத் திறந்து வைத்து, தினமும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். மூடியது கறுப்பாகவே இருக்கும். திறந்தது சில நாட்களில் சாம்பல் நிறமாகி, அப்புறம் துரு நிறத்துக்கு வந்துவிடும், நாற்றமும் போய்விடும். இரண்டிலும் அமிலத்தன்மையைக் காட்டும் காகிதத்தை நனைத்துப் பாருங்கள். கிளிஞ்சல் குறைவான சேறாக இருந்தால், நாள் போகப் போகத் திறந்த ஜாடியில் வித்தியாசம் தெரியும். மேடாக்கப் போகிற நிலத்தில் நடக்கப் போவதும் இதுதான்.

அப்படியென்றால் தூர்வாருவதையே எதிர்ப்பதா? நான் எதிர்க்கச் சொல்ல மாட்டேன். தூர்ந்துபோன துறைமுகத்தில் படகு ஓட்ட முடியாது, அது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெட்ட சேற்றை எடுப்பது சில இடங்களில் நல்லதும் செய்திருக்கிறது. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் ஃபவுண்ட்ரி கோவ் என்று ஒரு சிறு குடா. பேட்டரித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த காட்மியத்தால், அங்கே சேற்றுப் புழுக்களே காட்மியத்தைத் தாங்கும் இனமாக மாறிப்போயிருந்தன. 1990களின் நடுவில் சேற்றை அகற்றிய பிறகு, சில தலைமுறைகளிலேயே அந்தத் தாங்குதிறன் பெருமளவு மறைந்தது. தேவையில்லாத இடத்தில் புழுக்கள்கூட அந்தச் சுமையைத் தூக்கித் திரிவதில்லை!

எடுத்ததை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும். ஜப்பானின் மினமாட்டா குடாவில், கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றை 1977இல் கையாளத் தொடங்கி 1990இல்தான் முடித்தார்கள். ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்து, குடாவின் உள்பகுதியிலேயே தடுப்புச்சுவருக்குப் பின்னால் அடைத்து, மேலே செயற்கை இழை விரிப்பு, அதன் மேல் எரிமலை மணல், அதற்கும் மேல் மலைமண் என்று மூடினார்கள். இன்று அது 58 ஹெக்டேர் நிலம். உங்கள் பாதரசம் 0.22தான், அந்த அளவுக்கெல்லாம் இங்கே தேவைப்படாது. ஆனாலும் கவனியுங்கள், அவர்கள் சேற்றைத் திறந்து போடவில்லை. ராட்டர்டாம் துறைமுகம் தன் மாசுபட்ட சேற்றுக்கென்று ஸ்லஃப்டர் என்ற மாபெரும் குழியை 1987இல் திறந்தது. ஹாம்பர்கில் 1993 முதல் ஓர் ஆலை மணலையும் களியையும் பிரித்தெடுக்கிறது. மாசு களியில்தான் இருக்கிறது, பிரித்துவிட்டால் மணலை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம், அடைத்து வைக்க வேண்டிய அளவும் குறையும். உங்கள் துறைமுகத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாவிட்டாலும், வாயில் பக்கத்து மணலையும் பழுதுபார்க்கும் இடத்துக் களியையும் ஒன்றாகக் கலந்து கொட்டாமல் தனித்தனியாக எடுக்கச் சொல்லலாம். செலவில்லாத யோசனை, ஆனால் யாராவது கேட்டால்தான் நடக்கும்.

எழுத்தில் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தூர்வாரப் போகும் ஆழம் முழுவதற்கும் குழாய் இறக்கி எடுத்த சேற்று மாதிரி வேண்டும். நீங்கள் எடுத்தது மேல்சேறு. பல துறைமுகங்களில் மோசமான அடுக்கு கீழே இருக்கிறது, ஏனென்றால் கட்டுப்பாடு இல்லாத காலத்துக் கழிவு அங்கேதான் புதைந்திருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய ஆண்டுகளைச் சேற்று அடுக்கில் அப்படியே பார்க்கலாம். மேலடுக்கை எடுத்துவிட்டுப் போனால், புதிதாகத் திறக்கப்படும் தரையில் என்ன இருக்கும் என்பதும் தெரிய வேண்டும். அடுத்து எலூட்ரியேட் சோதனை: ஒரு பங்கு சேறு, நான்கு பங்கு அதே இடத்துத் தண்ணீர், அரை மணி நேரம் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, தெளிந்த நீரில் உலோகத்தை அளப்பது. தூர்வாரும்போது தண்ணீரில் என்ன கரையும் என்று இது காட்டும். நிலத்தில் கொட்டுவதற்கு இது போதாது. சேற்றை வாரக்கணக்கில் காற்றில் உலரவிட்டு, அப்புறம் அதிலிருந்து வடியும் நீரைச் சோதிக்க வேண்டும், அது அமிலமாகுமா என்றும் பார்க்க வேண்டும். பல திட்ட அறிக்கைகளில் முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு ‘பாதிப்பில்லை’ என்று எழுதியிருப்பார்கள். ஈரச் சேற்றின் நற்சான்றிதழை உலர்ந்த சேற்றுக்குக் காட்டுவது செல்லாது. நான்காவதாக, கொட்டும் இடத்தின் அடியில் தண்ணீர் இறங்காத விரிப்பு உண்டா, வடிநீர் எங்கே போகிறது, பக்கத்துக் கிணறுகளை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள் என்று கேளுங்கள். இந்த நான்காவதற்குப் பதில் இல்லையென்றால் மட்டும் எதிர்க்கலாம், நியாயமாகவே எதிர்க்கலாம்.

நீங்களே மறுபடி மாதிரி எடுப்பதாக இருந்தால் இரும்பு வாளி, மண்வெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டியால், கருவியைத் தொடாத நடுப்பகுதிச் சேற்றை எடுத்து, பை நிறைய அடைத்துக் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸில் வையுங்கள். ஆய்வகத்திடம் முடிவு உலர் எடையிலா, ஈர எடையிலா என்று கேளுங்கள். துறைமுகச் சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் எண் இரண்டு மடங்குக்கும் மேல் மாறிவிடும். சேற்றை முழுதாகக் கரைத்தார்களா, வெறும் அமிலத்தில் ஊறவைத்தார்களா என்றும் கேளுங்கள். ஊறவைத்தால் அலுமினியமும் குரோமியமும் குறைவாகக் காட்டும், நான் மேலே போட்ட வகுத்தல் கணக்கு அடிபட்டுப்போகும். கடைசியாக, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுச் சேற்றையும் கூடவே அளந்தார்களா என்று கேளுங்கள். கனடாவின் தேசிய ஆய்வு மன்றம் எஸ்குவிமால்ட் துறைமுகச் சேற்றை உலர்த்தி, பொடித்து, உலோக அளவுகளை உறுதிசெய்து, குப்பியில் அடைத்து விற்கிறது. நல்ல ஆய்வகம் அதையோ அதைப் போன்ற ஒன்றையோ உங்கள் மாதிரிக்குப் பக்கத்திலேயே வைத்து அளந்திருக்கும், கேட்டதும் எடுத்துக் காட்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஈயமும் குரோமியமும் மீனின் சதையில் அதிகம் சேராது. பாதரசம்தான் சேரும். சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதில் சிறு பங்கை மெத்தில் பாதரசமாக மாற்ற, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏற அது பெருகுகிறது. வெளிக்கடலில் பிடித்துவரும் மீனுக்கும் துறைமுகத்துக்குள் கிடக்கும் இந்தச் சேற்றுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. அந்த மீனைச் சாப்பிட இந்த அறிக்கை தடையாக இல்லை. சிப்பி, மட்டி விஷயம் வேறு. அவை இருந்த இடத்தை விட்டு நகராமல், நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டி, செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. 1986இல் தைவானில் எர்ரென் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் வளர்த்த சிப்பிகள் செம்பால் பச்சை நிறமாகவே மாறின. மேலே ஆற்றங்கரையில் பழைய உலோகச் சரக்கை உருக்கிப் பிரித்ததன் விளைவு. துறைமுகச் சுவரிலும் படகுத்துறைத் தூண்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். வேகவைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உலோகம் நெருப்புக்கு மசியாது. சுத்தமான தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்தால் கிருமி குறையும், காட்மியம் குறைய மாதங்கள் ஆகும்.

சேற்றுச் சோதனைக்குச் செலவழிப்பதில் பாதியைச் சிப்பிச் சதைக்குச் செலவழியுங்கள் என்பேன். ஒரே அளவுள்ள இருபது முப்பது சிப்பிகளின் சதையை ஒன்றாக அரைத்து ஒரு மாதிரியாகக் கொடுத்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் இவற்றுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு ஈயம் 1.5 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம். இது ஈர எடையில், சேற்றுக்கு உலர் எடை, குழப்பிக்கொள்ள வேண்டாம். நண்டுக்கும் சோதனை செய்வதானால், ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதியைத் தனியாகக் கொடுங்கள். காட்மியம் சதையில் இருப்பதைவிட அதில்தான் கூடுதலாக இருக்கும்.

பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நெடுங்காலம் வைத்திருந்த எச்சரிக்கை அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம், 2024இல் அதை 200 ஆக்கினார்கள். உங்களுடையது 48. அந்தச் சேற்றில் எனக்கு உலோகத்தைவிடச் சாக்கடைக் கிருமியின் மேல்தான் சந்தேகம், கைகால் கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். படகு சுரண்டும் இடத்துக்கு மட்டும் அவர்களை விடவே வேண்டாம். அங்கே பறப்பது உலர்ந்த பெயின்ட் தூள், அது நேரே மூச்சில் போகும். அந்த இடத்தில் படகுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, சுரண்டியதைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டிவிட்டு, அதன் பிறகு தண்ணீர் அடிக்கச் சொல்லி சங்கத்தில் பேசிப் பாருங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், அடுத்த படகு ஏறும்போதே தொடங்கலாம்.